வர்ணம் பூசினால் சரித்திரம் மறையுமா?

இப்போது ஒருவகை நாவல் வாசகர்களிடையே செல்வாக்குப் பெற்று வருகிறது. சிற்றூர் ஒன்றில் பழைய சித்திரம் ஒன்று கிடைக்கும். அதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஓர் அத்தியாயம் இன்றைய காலத்திலும், அடுத்தது நூறு வருஷத்துக்கு முந்தைய காலத்திலுமாகக் கதை மாறி மாறிப் போகும். குற்றவாளி இன்னார் என்று தெரிந்ததும் புத்தகம் முடிந்துவிடும்.

இவற்றைப் படிப்பதில் தவறில்லை. நம் தோழர்களும் இரவல் வாங்கிப் படிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இத்தகைய கதைக்குச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. சித்திரம், சாவு, மர்மம், இரண்டு காலம் எல்லாம் நமது போத்தனூர் ஜங்ஷனிலேயே இருக்கின்றன. ஒரே வித்தியாசம், இது கற்பனை அல்ல.

முதல் காலம், 1921. அன்று மலபாரும் கோயமுத்தூரும் ஒரே சென்னை மாகாணத்தின் ஜில்லாக்கள். ஜன்மிகளின் கொடுமைக்கும் வெள்ளை சர்க்காரின் அடக்குமுறைக்கும் எதிராக அவ்வாண்டு ஆகஸ்டில் மலபாரின் மாப்பிளா விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். சர்க்கார் ராணுவச் சட்டத்தை ஏவியது. நவம்பர் 19 அன்று மாலை, பெல்லாரிச் சிறைக்கு அனுப்புவதற்காக 100 கைதிகளைத் திரூர் ஸ்டேஷனில் ஒரு சாமான் வண்டியில் திணித்துக் கதவை அடைத்தார்கள். 97 பேர் மாப்பிளாக்கள். 3 பேர் இந்துக்கள். ஷொர்ணூரில் ரயில் நின்றது, ஒலவக்கோட்டில் நின்றது. தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ளே எழுந்த கூக்குரல் வெளியே கேட்டது. கதவு திறக்கப்படவில்லை. நள்ளிரவு தாண்டிப் போத்தனூரில் திறந்தபோது 56 பேர் பிணமாகக் கிடந்தார்கள். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 70 உயிர்கள் போயின. பிணங்கள் வந்த வழியே திரூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ‘வேகன் டிராஜடி’ என்று சரித்திரம் கூறுவது இதைத்தான்.

நாப் என்ற வெள்ளை அதிகாரியின் தலைமையில் விசாரணைக் கமிட்டி அமைந்தது. அது கண்டுபிடித்தது என்ன? வண்டியின் காற்றுத் துளைகளில் இருந்த கம்பிவலையைப் பெயிண்டும் தூசியும் அடைத்துக்கொண்டிருந்தன என்பதாகும். காவலுக்குச் சென்ற சார்ஜண்ட் ஆண்ட்ரூஸ் மீது வழக்கு நடந்தது, அவன் விடுதலையானான். அதற்கு முன்பும் மூடிய வண்டிகளில் பலமுறை கைதிகளை ஏற்றி அனுப்பியிருந்தது அதே சர்க்கார். அந்த வழக்கத்தைக் கூண்டில் ஏற்றியவர் யார்? கடைசியில் குற்றவாளி பெயிண்ட் என்று ஆயிற்று!

இரண்டாம் காலம், 2018. திரூர் ஸ்டேஷனை அழகுபடுத்தியபோது, இந்தக் கொடுமையைச் சுவரில் சித்திரமாகத் தீட்டினார்கள். சங் பரிவாரத்தார் ஆட்சேபித்தார்கள். நவம்பர் மாதத்திலேயே ரயில்வே நிர்வாகம் அந்தச் சித்திரத்தை அழித்துவிட்டது.

1921-இல் பெயிண்ட் மூச்சை அடைத்தது. 2018-இல் நினைவை அடைத்தது. எந்த நாவலாசிரியனும் இப்படி ஒரு முடிச்சைக் கற்பனை செய்திருக்க முடியாது.

அத்தோடும் நிற்கவில்லை. சுதந்திரப் போராட்டத் தியாகிகளின் பெயர் அகராதியிலிருந்து மலபார்க் கிளர்ச்சிக்காரர்கள் 387 பேரை நீக்கும்படி, இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு ஒன்று பரிந்துரைத்ததாக 2021-இல் செய்தி வந்தது. 1922 பிப்ரவரியில் நமது கோயமுத்தூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்ட அலி முஸ்லியாரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

“அந்தக் கிளர்ச்சியில் அப்பாவி இந்துக்கள் கொல்லப்படவில்லையா? கட்டாய மதமாற்றம் நடக்கவில்லையா?” என்று கேட்பார்கள். நடந்தன. விவசாயிகளின் நியாயமான கோபம் பல இடங்களில் மதவெறியாகத் திரும்பியது. அதை மூடி மறைக்கும்படி நாம் சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும். அதற்கு இரையானவர்களுக்காகவும் கண்ணீர் விட வேண்டும். ஆனால் காற்றுப் புகாத பெட்டியில் 70 பேர் மூச்சுத் திணறிச் செத்ததை அது நியாயமாக்கிவிடுமா? மேலும், அந்தப் பெட்டியில் இந்துவும் முஸ்லிமும் ஒரே காற்றுக்குத்தான் தவித்தார்கள். சித்திரத்தை அழித்தவர்களுக்கு இந்த உண்மையும் கசக்கிறது போலும்.

எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மர்ம நாவலில் கொலைகாரன் ஒருவன். அகப்பட்டதும் நீதி நிலைத்துவிடுகிறது. பழைய காலம் படிப்பவனுக்கு வேடிக்கைப் பொருளாகிறது. போத்தனூர்க் கதை அப்படி முடியாது. இங்கே குற்றவாளியை முதல் பக்கத்திலேயே தெரியும். மர்மம் வேறு இடத்தில் இருக்கிறது. ஷொர்ணூரில் அந்தக் கூக்குரலைக் கேட்டும் திறக்காத கை எதற்குப் பயந்தது? போத்தனூரில் நள்ளிரவில் கதவருகே நின்ற போர்ட்டரும் பாயின்ட்ஸ்மேனும் வீடு திரும்பி மனைவி மக்களிடம் என்ன சொன்னார்கள்? இன்று அதே பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் வாலிபர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லையே, ஏன்? இதை எழுதுங்கள். இரண்டு காலத்தையும் இணைக்கும் கயிறு இங்கேதான் இருக்கிறது.

போத்தனூர் மக்களுக்கும் ஒரு வார்த்தை. திரூர் மக்கள் தங்கள் நகராட்சி மண்டபத்துக்கே வேகன் டிராஜடியின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெட்டியை அடைத்த ஊர் மறக்கவில்லை. திறந்த ஊர் மறக்கலாமா? திரூரில் அழித்த சித்திரத்தைப் போத்தனூர் ஸ்டேஷன் சுவரில் தீட்ட வேண்டும். அதன் கீழே இறந்தவர் எழுபது பேரின் பெயரையும் தமிழிலும் மலையாளத்திலும் பொறிக்க வேண்டும். ரயில்வேத் தொழிலாளர்களும், வாலிபர்களும், ஓவியர்களும் சேர்ந்து இந்தக் கோரிக்கையை எழுப்ப வேண்டும்.

அவர்கள் மறுபடியும் வர்ணம் பூசலாம். பூசட்டும்! நாம் மறுபடியும் தீட்டுவோம்.