பல் வைத்தியத்தில் ஒரு தீண்டாமை

பல்வலி என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரவு ஷிப்டில் நின்றவனுக்குத் தெரியும். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு நாற்றுப் பறித்தவளுக்குத் தெரியும். அந்த வலியோடு ஒருவர் வைத்தியரிடம் போகிறார். "எனக்கு எச்.ஐ.வி. உண்டு" என்று ஒளிக்காமல் சொல்கிறார். அவ்வளவுதான்! கருவி ரிப்பேர், இன்று நேரமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ! உண்மை பேசியதற்குக் கிடைத்த கூலி இது.

உலகுக்கே விஞ்ஞானம் கற்பிப்பதாக மார்தட்டும் அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. 1994 செப்டம்பரில் மெயின் மாகாணத்து பாங்கோர் நகரில் ஒரு பெண் சொத்தைப் பல்லை அடைக்கப் போனார். எச்.ஐ.வி. இருப்பதைப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தார். வைத்தியர் என்ன சொன்னார்? "இங்கே அடைக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் வைத்து அடைக்கிறேன். என் கூலி அதேதான். ஆஸ்பத்திரிச் செலவு உன்னுடையது!" பயம் வைத்தியருக்கு, பில் நோயாளிக்கு! அந்தப் பெண் பணியவில்லை, வழக்குத் தொடுத்தார். 1998 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெளியே அறிகுறி தெரியாவிட்டாலும் எச்.ஐ.வி. உள்ளவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அப்படி; நான்கு பேர் வேறு மாதிரி. மயிரிழையில் கிடைத்த நியாயம்!

வைத்தியரின் பயத்தையும் நாம் ஒதுக்கிவிடவில்லை. ஊசி குத்திவிடலாம், உண்மைதான். ஆனால் எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் 'பி' அதைவிடப் பல மடங்கு எளிதில் தொற்றும். ஊசி குத்திவிட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட மருந்து இருக்கிறது. கையுறை, முகமூடி, நீராவியில் சுத்தம் செய்த கருவி: இவை எல்லா நோயாளிக்கும் வேண்டியவை. தனக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள்! சொன்னவரை விரட்டுவதால் வைத்தியருக்கு என்ன பாதுகாப்பு?

கருவி கழுவும் ஆயா, குப்பை அள்ளும் தொழிலாளி ஆகியோரின் கைக்குக் கெட்டிக் கையுறை எங்கே என்றும் கேட்கிறோம். அதை வாங்கச் சிக்கனம் பார்க்கிற முதலாளிதான் பயத்தைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறார்.

இந்த நோயில் வாய்தான் முதலில் முறையிடும். நாக்கில் வெள்ளை படிகிறது, புண் வருகிறது, ஈறு அழுகுகிறது, எச்சில் வற்றிப் பல் சொத்தையாகிறது. கஞ்சியே இறங்காதவர் தினசரி மாத்திரையை எப்படி விழுங்குவார்? வாயைப் பார்க்கும் வைத்தியர்தான் நோயை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர். அவரே கதவைச் சாத்துகிறார்!

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986ல், நம் சென்னையில். இலவசக் கூட்டு மருந்து தாம்பரம் ஆஸ்பத்திரியில் 2004ல்தான் வந்தது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 2017ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10ல்தான் அமலுக்கு வந்தது. முப்பத்திரண்டு வருஷம்! வந்த சட்டத்திலும் மருந்து கொடுக்கும் கடமைக்கு "இயன்றவரை" என்று ஒரு வாலை ஒட்டிவிட்டார்கள். வரி வசூலில் இந்த "இயன்றவரை" உண்டா?

ஆனாலும் அந்தச் சட்டத்தில் நமக்கு ஆயுதம் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வைத்தியம் மறுப்பது சட்டவிரோதம். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தால்தான் தொடுவேன் என்பதும் சட்டவிரோதம். தொற்று அபாயமுள்ள வேலையில் இருப்பவர்களுக்குக் கையுறையும் பயிற்சியும் மருந்தும் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. மாநிலத்துக்கு மாநிலம் குறைதீர்ப்பாளர் வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள ஆஸ்பத்திரியில் புகார் அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும்.

அவர் பெயர் என்ன? எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார்? தோழர்களே, அடுத்த முறை பல்லைக் காட்டப் போகும்போது நான்கு பேர் சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.