தினமும் கேட்டா சரியாகிடுமா?

ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு மூட் ட்ராக்கர் ஆப் ப்ராஜெக்ட் வந்துடும். மனநிலை, தூக்கம், மாத்திரை எல்லாத்தையும் தினமும் பதிவு பண்ணா நல்லதுதானேன்னு தோணும். டென்மார்க்ல பைபோலார் நோய் உள்ள 78 பேரை வச்சு 6 மாசம் சோதிச்சாங்க. நர்ஸும் பதிவுகளைக் கவனிச்சாங்க. 2015-ல வெளியான முடிவு: ஆப்பால அறிகுறிகள் குறையல. சிலருக்கு மனச்சோர்வு கூடியிருக்கலாம்னுகூட சந்தேகம்.

எனக்கு ஆச்சரியமில்லை. "இன்னைக்கு எவ்வளவு சோகம்?"னு போன் தினமும் கேட்டா, நோயை மறக்கவே விடாதே!

ஆப் வேணாம்னு சொல்லல. டாக்டரைப் பார்க்கும்போது போன மாசத்தை நினைவுபடுத்த அந்தப் பதிவு உதவும். ஆனா எப்போ கேட்கணும், எப்போ நிறுத்தணும்னு நோயாளிதான் முடிவு பண்ணணும். அடுத்த ரிவ்யூல அக்யூரசிக்கு முன்னாடி இதைக் கேளுங்க: நிறுத்துற பட்டன் எங்க?