பெயர் எழுதப்படாத கைகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஒரு பொருள் நம் கைக்கு வந்தால் முதலில் என்ன கேட்கிறோம்? "விலை என்ன?" என்கிறோம். அடுத்து, "எங்கே வாங்கியது?" என்கிறோம். "இதைச் செய்தவர் யார்?" என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டதில்லை. ஒரு கித்தாரின் கதை என்னைக் கேட்க வைத்தது.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகச் செய்தித்தாள்களில் ஒரு செய்தி வந்தது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி இளமையில் வாசித்த பாஸ் கித்தார் திரும்பக் கிடைத்துவிட்டது என்பதே அது. 1972 அக்டோபரில் லண்டனில் நின்றிருந்த ஒரு வண்டியிலிருந்து அது களவு போயிற்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எவர் கையிலெல்லாமோ இருந்துவிட்டு, இங்கிலாந்தின் தென் கடற்கரைப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பரணில் அகப்பட்டது. விடுதித் தோழி ஒருத்தி படத்தைக் காட்டி, "இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றாள். நான் படத்தை உற்றுப் பார்த்தேன். கித்தார் என்கிறார்கள், ஆனால் உருவம் வயலின் போல் இருக்கிறதே! அந்த ஐயத்தில் தொடங்கியதுதான் என் தேடல்.

பாஸ் கித்தார் என்பது இசைக்கு அடித்தளம் போடும் கருவி. அதன் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கித்தாரின் தடித்த கம்பி 82 முறை அதிரும். அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. நம் ஆய்வகத்தில் சுரமானியை வைத்துக் குறுக்கதிர்வு விதிகளைச் சரிபார்க்கிறோமே, அதே விதிதான். கம்பி நீண்டால் சுரம் இறங்கும், தடித்தாலும் இறங்கும், இழுவிசை கூடினால் ஏறும். முற்காலத்தில் இந்தக் கீழ்ச்சுரத்திற்கு ஆள் உயரப் பெரிய வயலின் ஒன்றை நிற்க வைத்து வாசித்தார்கள். அதைத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. கூச்சல் மிகுந்த கூடத்தில் அதன் ஒலியும் எடுபடாது. எனவே எஃகுக் கம்பிக்குக் கீழே காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்தார்கள். கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும். சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். அதைப் பெருக்கினால் ஒலி. 1831-இல் ஃபாரடே கண்ட உண்மை நடன அரங்கில் வந்து நின்றது இப்படித்தான்.

மெக்கார்ட்னி இந்தக் கருவியை 1961-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வாங்கினார். குழுவில் பாஸ் வாசித்தவர் விலகியதால் அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. இவரோ இடது கைக்காரர். சாதாரணக் கித்தாரைத் திருப்பிப் பிடித்தால் தலைகீழாகத் தெரியும். வயலின் வடிவத்திற்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் அந்தக் கோளாறு இல்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். விலை சுமார் 30 பவுன். இடது கைக்காரருக்கென்றே செய்யப்பட்ட கருவி அது. அவர் பெயர் அனைவருக்கும் தெரியும். அந்தப் பலகையை இழைத்தவர் யார்?

கருவியில் இருப்பது ஹோஃப்னர் என்ற நிறுவனத்தின் பெயர். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், இன்று செக் நாட்டில் லூபி என்று வழங்கும் ஒரு சிற்றூரில் போய் நிற்கிறோம். அதன் பழைய ஜெர்மன் பெயர் ஷோன்பாக். 1887-இல் கார்ல் ஹோஃப்னர் அங்கே தொழில் தொடங்கியபோது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. ஊரே வயலின் செய்யும் ஊர். ஒரு வீட்டில் கழுத்துப் பகுதியைச் செதுக்குவார்கள். இன்னொரு வீட்டில் உடலைக் கூட்டுவார்கள். வேறொரு வீட்டில் மெருகு பூசுவார்கள். எல்லாவற்றையும் வாங்கி உலகெங்கும் அனுப்பியவர்கள் வணிகர்கள்.

இங்கேதான் என்னை வெகுவாக உறுத்திய செய்தி வருகிறது. ஷோன்பாக்கிலும் அதைச் சுற்றிய வட்டாரங்களிலும் செய்த மலிவு விலை வயலின்கள் பலவற்றின் உள்ளே ஒரு சீட்டை ஒட்டினார்கள். அதில் அச்சிட்டிருந்த பெயர் ஸ்ட்ராடிவாரி! இத்தாலியின் க்ரெமோனா நகரில் வாழ்ந்து 1737-இல் மறைந்த மாபெரும் கலைஞர் அவர். செய்தவன் உயிரோடு அடுத்த தெருவில் இருக்கிறான். சீட்டிலோ எப்போதோ இறந்தவர் பெயர். இன்றும் பழைய வயலினைக் கண்டெடுத்து, சீட்டைப் படித்துவிட்டு, புதையல் கிடைத்ததாகத் துள்ளிக் குதித்து ஏமாறுபவர்கள் உண்டு.

பிறகு போர் வந்தது. 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி அந்த எல்லைப் பகுதியை விழுங்கியது. 1945-இல் அவன் வீழ்ந்த பின், செக்கோஸ்லோவாக்கியா தன் மண்ணில் வாழ்ந்த ஜெர்மானியர் சுமார் 30 லட்சம் பேரை வெளியேற்றியது. நாஜிகள் செய்த கொடுமை பெரிது. அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ஆயினும் ஆள்பவன் செய்த பாவத்திற்கு உளி பிடித்தவனும் குழந்தை குட்டிகளோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான் என்பதும் உண்மை. வீடு போயிற்று, பட்டறை போயிற்று, ஆண்டுக்கணக்கில் உலர வைத்த மரமும் போயிற்று. கையில் இருந்த வித்தை மட்டும் கூடவே வந்தது.

அப்படி வந்தவர்களுக்கு பவேரியாவில், எர்லாங்கன் நகருக்கு அருகே, புபன்ராய்ட் என்ற கிராமம் இடம் கொடுத்தது. சில நூறு பேரே வாழ்ந்த வேளாண் கிராமம் அது. தங்களைவிடப் பன்மடங்கு எண்ணிக்கையில் வந்த அகதிகளை ஏற்றுக்கொண்டது. 1949-இல் அவர்களுக்கென்று குடியிருப்பு எழத் தொடங்கியது. ஹோஃப்னர் குடும்பமும் அங்கேயே பட்டறை அமைத்தது. கார்லின் மகன் வால்டர் 1955-இல் ஒரு பாஸ் கித்தாரை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு அது பிராங்க்ஃபர்ட் இசைக்கருவிக் கண்காட்சிக்கு வந்தது. வயலின் செய்து பழகிய கை வேறு எந்த உருவத்தை நாடும்? முன்பக்கம் ஸ்ப்ரூஸ் மரம், பின்பக்கம் மேப்பிள், உள்ளே வெற்றிடம். எல்லாம் வயலின் மரபு. தோழி காட்டிய படத்தில் நான் கண்ட விந்தைக்கு விடை கிடைத்தது. அந்தக் கித்தாரின் உருவம் ஊரிழந்த மக்களின் முகவரி. அதை அணைத்துப் பிடித்து நின்றவரைப் பார்த்துக் கோடிக்கணக்கானோர் கையசைத்தார்கள். அந்த முகவரியைப் படித்தவர் சிலரே.

இது ஒரு கருவிக்கு மட்டும் நேர்ந்த கதையன்று. மின்சார பாஸ் கித்தாரைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், 1951-இல் கலிபோர்னியாவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். ஆனால் 1936-ஆம் ஆண்டு வாக்கிலேயே சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர், கித்தார் போல் கிடையாகப் பிடித்து வாசிக்கும் மின்சார பாஸ் ஒன்றைச் செய்து ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார். அவர் செய்தவற்றில் விரல் விட்டு எண்ணத்தக்கவையே இன்று மிஞ்சியுள்ளன. ஃபெண்டர் திறமைசாலி, ஐயமில்லை. ஆனால் முன்னவரை மறந்தது நம் குற்றமன்றோ?

"மரத்தையும் கம்பியையும் இசையாக்கியவன் வாசித்தவன்தானே? தொழிற்சாலையில் நூறு பேர் கை பட்ட பொருளில் எத்தனை பெயரை எழுதுவது?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மனம் இருந்தால் வழி உண்டு. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் தன் இசைத்தட்டுகளில் பின்னணிக் கலைஞர் பெயர்களைப் போடவேயில்லை. ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற ஈடிணையற்ற பாஸ் கலைஞர் பல வெற்றிப் பாடல்களுக்கு வாசித்தும் ஊர் அறியாதவராகவே இருந்தார். 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அவர் பெயர் அச்சேறியது. அதனால் பாடகரின் புகழ் குறைந்துவிட்டதா? ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை.

இவ்வளவும் எழுத எனக்கு என்ன தகுதி? தகுதி இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வகத்துச் சுரமானி ஒன்றின் மேற்பலகை ஒட்டுவிட்டுப் போயிற்று. கம்பியை மீட்டினால் கரகரவென்று இரைச்சல். பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, "நான் சரிசெய்து கொண்டுவருகிறேன்" என்று பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். என் தந்தை தச்சர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். பெட்டியை விரல் கணுவால் நாலு இடத்தில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "பலகை வத்திப் போச்சு பாப்பா. இந்த ஓரத்துல ஒரு சிம்பு வெச்சு ஒட்டுனா சரியாப் போயிடும்" என்றார். ஒத்ததிர்வு என்ற சொல்லை அவர் கேட்டதில்லை. ஆனால் எந்த இடத்தில் ஒலி செத்துக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. இரவெல்லாம் பெட்டியை இறுக்கிக் கட்டி வைத்து, காலையில் கொடுத்தார்.

பேராசிரியர் மீட்டிப் பார்த்து மகிழ்ந்தார். "நல்ல வேலைப்பாடு. யாரம்மா செய்தது?" என்றார். வகுப்பே என்னைப் பார்த்தது. "கடையில் கொடுத்து ஒட்டினேன் சார்" என்றேன்.

அன்று மாலை அப்பா, "சாரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "நல்லா இருக்குன்னு சொன்னாருப்பா" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இழைப்புளியைத் துடைத்து வைத்துவிட்டுச் சிரித்தார். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் 'சுயதொழில்' என்று எழுதியதும் அவருக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலுக்குள் நுழைந்ததும் நான் முதலில் கற்றது, என்னைச் செய்த கையை மறைக்கும் வித்தை. ஷோன்பாக் வயலினுக்குள் பொய்ச் சீட்டு ஒட்டிய வணிகனைக் குறைகூற எனக்கு வாயேது?

கோயிலில் குழல்விளக்கு கொடுத்தவர் 'உபயம்' என்று பெரிதாகத் தம் பெயரை எழுதிக்கொள்கிறார். விளக்கின் ஒளியே பாதி மறைந்துபோகிறது. கொடுத்தவருக்கு உள்ள அந்த உரிமை செய்தவருக்கும் உண்டு என்பதே என் கருத்து. கடினமான காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. துறைதோறும் இருப்புப் பதிவேடு இருக்கிறது. பொருளின் பெயர், வாங்கிய நாள், விலை என்று பத்திகள் இருக்கின்றன. உள்ளூரில் செய்ததும் பழுது பார்த்ததுமான பொருள்களுக்காவது 'செய்தவர்' என்று இன்னொரு பத்தி போடலாமே? ஆண்டு விழா நன்றியுரையில் மேடை கட்டியவரின் பெயரையும் ஒருமுறை சொல்லலாமே? மாணவ நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள். நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

முதல் பத்தியை நானே எழுதிவிட்டேன். இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் பேராசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. தம் சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆய்வகத்தில், சன்னலோரம் உள்ள சுரமானிப் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பலகையில் என் தந்தையின் பெயர் இருக்கிறது.