சௌத் பெண்ட் காவல்துறையும் மேயரின் அதிபர் கனவும்

2020 அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில், கறுப்பின வாக்காளரிடம் பீட் புட்டிஜெஜ் தோற்றதற்கு, அவர் மேயராக ஆண்ட சௌத் பெண்ட் நகரின் காவல்துறையும் ஒரு காரணம் என்கிறோம்.

2012இல், அதிகாரிகளின் தொலைபேசி உரையாடல்கள் பதிவான விவகாரத்தில், நகரின் முதல் கறுப்பினக் காவல் தலைவரைப் பதவியிறக்கினார். அவற்றில் வெள்ளை அதிகாரிகளின் இனவெறிப் பேச்சு இருப்பதாகக் குற்றச்சாட்டு. அவர் பதவிக்காலம் முழுவதும் பதிவுகள் வெளிவரவில்லை. 2019 ஜூனில் வெள்ளைக் காவலர் ஒருவர் கறுப்பினத்தவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றபோதோ உடல் கேமரா பதிவே செய்யவில்லை. இருந்த சாட்சியம் பூட்டப்பட்டது. இருந்திருக்க வேண்டியது உருவாகவேயில்லை. நாங்கள் நடத்தும் காவல் வன்முறை வழக்குகளிலும் இவ்விரண்டையும் காண்கிறோம்.

நகரில் கறுப்பினத்தவர் 26 சதவீதம், காவல்துறையில் 6. விவாத மேடையில் காரணம் கேட்டபோது, தன்னால் முடியவில்லை என்றார். நேர்மையான பதில்தான், ஏழாண்டு ஆண்டவரின் பதில் என்பதுதான் சிக்கல். தென் கரோலினா வாக்குப்பதிவுக்கு மறுநாள் போட்டியிலிருந்து விலகினார்.