எதிர்ப்புச் சக்தி வியாபாரம்

கொஞ்ச காலமாக நம் கடைவீதிகளில் "எதிர்ப்புச் சக்தி" என்பதாக ஒரு சரக்கு விற்பனையாகி வருகிறது. சூரணம், லேகியம், பானம் என்று எந்த உருவத்தில் வந்தாலும், அதன் மேல் "எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்று அச்சடித்துவிட்டால் போதும், ஜனங்கள் காசை எண்ணி வைத்துவிட்டு வாங்கிப் போகிறார்கள். சகல பாபத்தையும் போக்கும் என்று தீர்த்தம் விற்றவனுக்கும் இவனுக்கும் சரக்கின் பெயரில்தான் வித்தியாசமே ஒழிய வியாபாரத்தில் வித்தியாசமில்லை என்று நாம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும். நாம் கேட்பதெல்லாம், இந்தச் சக்தி பெருகப் பெருக நல்லதுதானா என்பதே.

முள் குத்தின இடத்தில் கிருமி நுழைந்தால், அங்கே முன்னமே காவலிருக்கும் அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து மேலும் வெள்ளணுக்கள் வந்து சேருகின்றன. இடம் சிவந்து, சுட்டு, வீங்கி வலிக்கிறதே, அது அந்தச் சண்டைதான். பிறகு அந்தக் கிருமிக்கென்றே பொருந்தின அணுக்கள் பெருகுகின்றன. அவற்றில் சில அதை ஞாபகம் வைத்துக்கொண்டு பல வருஷம் தங்கியும் விடுகின்றன. தடுப்பூசி என்பது, நோயில் விழாமலே இந்த ஞாபகத்தை உண்டாக்கிக் கொடுக்கும் காரியமேயாகும்.

இது நிற்க, இவ்வளவு கொல்லும் சேனை சொந்த வீட்டாரையே கொல்லாமலிருப்பது எப்படி? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி அணுக்கள் அங்கேதான் முதிர்கின்றன. சொந்த உடம்பையே பலமாய்ப் பிடிக்கப் பார்க்கிறவை பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்பட்டுவிடுகின்றன. தப்பி வருவனவும் உண்டு. அவற்றை அடக்கி வைப்பதற்கென்றே வேறொரு வகை டி அணு உண்டென்று ஜப்பான் தேசத்து ஷிமோன் சகாகுச்சி 1995ல் காட்டினார். அப்போது விஞ்ஞானிகளிலேயே அநேகர் நம்பவில்லை. அவர் யாரையும் சபிக்கவில்லை, மேலும் சோதனை செய்தார். 2001ல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், பிறந்து சில வாரங்களிலேயே தோல் செதிலாகிச் சாகும் ஒரு வகைச் சுண்டெலிகளில் பாக்ஸ்பி3 என்னும் ஜீன் பழுதாயிருப்பதைக் கண்டார்கள். அடக்கும் அணுக்கள் உண்டாவதற்கு வேண்டிய ஜீன் அதுதான் என்பது பின்னர் விளங்கிற்று. மூவருக்கும் 2025ல் நோபல் பரிசு கிடைத்தது.

மனிதரிலும் அந்த ஜீன் பழுதாய்ப் பிறக்கும் ஆண் குழந்தைகள் உண்டு, அபூர்வமாக. கைக்குழந்தையாயிருக்கும்போதே நீரிழிவு, ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் புண். லேகியக்காரர் கணக்குப்படி பார்த்தால், தடுப்பாரில்லாத எதிர்ப்புச் சக்தியுடைய அக்குழந்தை மகா பலசாலியாக அல்லவா இருக்க வேண்டும்?

கொரோனாக் காலத்து உதாரணத்தையும் பாருங்கள். 2020ல் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மூச்சு இயந்திரத்தில் கிடந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து. அது எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் மருந்தல்ல, அடக்கும் மருந்து! மூச்சுத் திணறல் இல்லாதவர்களுக்கோ அதனால் பலன் காணவில்லை. எப்போது தூண்டுவது, எப்போது அடக்குவது என்பதில் இவ்வளவு கணக்கிருக்க, டப்பாவில் அடைத்து எல்லோருக்கும் ஒரே கரண்டி என்றால் அது வைத்தியமா? வயிறாரச் சத்துள்ள சாப்பாடு இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தி குன்றும் என்பது வாஸ்தவம். அதற்கு மருந்து சாப்பாடுதான்.

சமீபத்தில் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்தபின் தோழர் ஒருவர் தம் மனைவியை அழைத்து வந்தார். அந்த அம்மாளுக்கு முடக்குவாதம், அதாவது சொந்தக் காவலே மூட்டுகளைத் தாக்கும் நோய். டாக்டர் அந்தக் காவலை அடக்க மாத்திரை கொடுத்திருந்தார். "அது எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடுமாமே" என்று யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியம் கொடுத்து வந்திருக்கிறார். மூன்றே மாதத்தில் விரல்கள் சோற்றைப் பிசையக்கூட மடங்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே டாக்டரிடம் போகும்படி சொன்னோம். "இன்னும் அரை டப்பா மீதியிருக்கிறதே, ஐயா, அதை என்ன செய்வது?" என்று கேட்டார். எறும்புக்கு வைக்கச் சொன்னோம்.