காயலான் கடையில் கணியன்

கத்திவாக்கத்திலிருந்து திருவொற்றியூர் போகும் வழியில் நான் அடிக்கடி நின்றுவிடும் காயலான் கடை ஒன்று இருக்கிறது. கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு நடுவே, ஃபேன் மோட்டார்களுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர்கள் குவிந்து கிடக்கும். போன மாதம் அங்கே ஐந்தேகால் இன்ச் ஃபிளாப்பி டிரைவ் வைத்த பெட்டி ஒன்றைப் பார்த்தேன். "ண்ணா, இது ஓடுமா?" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓட்டுறதுக்கா தம்பி வாங்குறோம்? போர்டு தனி, இரும்பு தனி, காப்பர் தனி. எடைதான் கணக்கு."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அவர் பிழைப்பு. கோபமெல்லாம் நம்மேல்தான். ஆற்றோடு போன ஓலைச்சுவடிகளுக்காக நூறு வருஷமாக ஒப்பாரி வைக்கிறோம். உ.வே.சா. பெயரைச் சொன்னாலே கண் கலங்குகிறோம். நம் கண்ணெதிரே போகும் சுவடிகளுக்கு மட்டும் கிலோவுக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறோம்.

நா. கோவிந்தசாமியை எத்தனை பேருக்குத் தெரியும்? சிங்கப்பூர்க்காரர், சிறுகதை எழுதியவர், ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவர். தமிழில் எழுதுகிற ஒருவருக்கு இருக்கிற எரிச்சல்தான் அவரைக் கணினிப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பூங்குன்றனாரின் பெயரை ஒரு மென்பொருளுக்கு வைக்க எழுத்தாளனுக்குத்தான் தோன்றும். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது அதில் தமிழும் இருந்ததற்கு அவர் காரணம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததற்குப் பின்னாலும் அவர் இருந்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் அடுத்த மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்துதான் வந்தது. அதே வருஷம் மே மாதம் அவர் இறந்துபோனார். இன்றைக்கு நீங்கள் போனில் அம்மாவுக்கு 'சாப்டாச்சு' என்று தமிழில் தட்டுகிறீர்களே, அதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆட்களின் தூக்கம் கெட்ட இரவுகள் இருக்கின்றன. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைத் தொடங்கிய 1985இல் ஒரு தமிழ் எழுத்தைத் திரையில் வரவைப்பதே பெரிய பாடு.

இவர்கள் உட்கார்ந்து தட்டிய காலத்துக் கணினி ஒன்றை, தமிழ் ஓடுகிற நிலையில், எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளாவது பார்த்திருக்கிறீர்களா? ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள்-1 ஒன்றை 2014இல் ஹென்றி ஃபோர்டு மியூசியம் 9,05,000 டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. அவர்கள் கராஜ் கதையை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். நம் கதைக்குச் சாட்சி இங்கே இரும்பு விலைக்குப் போகிறது.

சட்டம் காப்பாற்றும் என்று நினைத்தால் அது இன்னும் பெரிய கூத்து. 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருளாக நூறு வருஷம் ஆக வேண்டும். சுவடி, ஆவணம் என்றால் 75 வருஷம். 1985இல் வாங்கிய பெட்டி 2085இல் தகுதி பெறும். காந்தப்பூச்சு உதிர்ந்துபோகும் ஃபிளாப்பிக்கு அவ்வளவு ஆயுள் ஏது? மறுபக்கம் மின்கழிவு விதிகள், பிரித்து உருக்கச் சொல்கின்றன. அது தேவைதான். எண்ணூர்க்காரனுக்கு விஷப்புகை பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். எல்லாக் குப்பையையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. ஆயிரத்தில் ஒன்றை எடுத்து வையுங்கள் என்கிறேன்.

"எமுலேட்டர் இருக்கே, பழைய மெஷின் எதுக்கு ப்ரோ?" என்று ஒரு நண்பன் கேட்டான். எமுலேட்டருக்குக் கொடுக்க ஃபைல் வேண்டும். ஃபைல் ஃபிளாப்பிக்குள் இருக்கிறது. ஃபிளாப்பியைப் படிக்க டிரைவ் வேண்டும். அந்த டிரைவைத்தான் நாம் உடைத்துக் காப்பர் எடுக்கிறோம். யூனிகோடுக்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். தொண்ணூறுகளில் கணினியில் அச்சுக்கோத்த சிற்றிதழ்கள், நாவல்கள் பலவற்றின் மூலக் கோப்பை இன்று திறந்தால் கட்டம் கட்டமாகவும் ஐரோப்பிய எழுத்தாகவும் பல்லிளிக்கும். உரிய எழுத்துரு கிடைத்தால்தான் அது மறுபடி தமிழ். அந்த எழுத்துருவும் இன்னொரு ஃபிளாப்பியில்தான் இருக்கும்.

ரோஜா முத்தையா கோட்டையூரில் சினிமா நோட்டீஸ் வரை சேர்த்துவைத்தபோது ஊரே சிரித்திருக்கும். இன்று அந்தச் சேகரிப்பில்லாமல் யாரும் ஆய்வு எழுத முடியாது. சென்னை மாநாட்டின் தொடர்ச்சியாக வந்த தமிழ் இணையக் கல்விக்கழகம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு அறை போதும். நாலைந்து ஓடுகிற கணினி, டிரைவுகள், எழுத்துருக்கள், கெபாசிட்டர் மாற்றத் தெரிந்த ஒரு ரிட்டயர்டு மெக்கானிக். விழாவும் சிலையும் வேண்டாம். எழுத்தாளர்களே, உங்கள் பரணில் கிடக்கும் ஃபிளாப்பி டப்பாவைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அந்த டிரைவை மட்டும் 200 ரூபாய்க்குப் பேசி வாங்கிவந்தேன். "இன்னா பண்ணுவ தம்பி இத வெச்சு?" என்றார். சொன்னேன். பாதி கேட்டிருப்பார். கிளம்பும்போது கூப்பிட்டார்: "நம்பர் குட்த்துட்டுப் போ. இந்த மாரி வந்தா உடைக்காம வைக்கிறேன்."