பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்பமாட்டோம்



அண்மையில் ஒரு தோட்டத்தில் எமது மாதர் சங்கக் கூட்டம் நடந்தது. பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்ற சட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின் வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார்.

"சட்டம் போட்டவங்க வீட்டுல அடுப்பு எரியுது. எங்க வீட்டுல மாசக் கடைசியில எரியிறதில்ல. மூத்தவ கொழும்புக்குப் போனா மாசாமாசம் கொஞ்சம் காசு வரும். அவளுக்கும் மூணு வேளை சோறு கெடைக்கும். அதையும் வேணாங்கிறீங்களா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பலர் தலையை ஆட்டி அவர் சொன்னதை ஆமோதித்தார்கள். சட்டத்தை விளக்கத் தயாராகப் போயிருந்த எம்மிடம் அந்தத் தாய்க்குச் சொல்ல உடனே பதில் இருக்கவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். அவரைப் போலக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கும் எல்லாத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்கள் ஆகியோரை வேலைக்கு அமர்த்துவது பற்றிய சட்டம் 1956 இல் வந்தது. நீண்ட காலமாக வேலைக்கான ஆகக்குறைந்த வயது 14 ஆக இருந்தது. 2016 இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. அதன் பின்னும் வேலைச் சட்டம் 14 இலேயே நின்றது. பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டம் சொன்ன பிள்ளையை வேலைக்கு வைக்கலாம் என்று இன்னொரு சட்டம் விட்டுவைத்திருந்தது. 2021 இல்தான் வேலைக்கான வயதும் 16 ஆனது. 18 வயது நிரம்பாதவர்களை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவதும் தடை.

இந்தச் சட்டத்தை எமது சங்கம் முழுமையாக ஆதரிக்கிறது. எம்மவர் சிலருக்கே இதில் விருப்பமில்லை என்பது தெரிந்துதான் இதைச் சொல்கிறோம்.

அதே 2021 ஆம் ஆண்டில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் உயிரிழந்தாள். அன்று மலையகமே வீதிக்கு இறங்கியது. பதாகை பிடித்தோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம், நீதி வேண்டும் என்று கோஷம் போட்டோம். மறுநாள் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டோம். தரகர்மாரும் கொஞ்ச நாள் பொறுத்திருந்து தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

"வறுமையை ஒழித்துவிட்டுச் சட்டம் பேசுங்கள்"

எம்மிடம் அதிகமாகச் சொல்லப்படும் மறுப்பு இது. இதில் பாதி உண்மை. வறுமை இருக்கிறது. அதை மறைத்து எந்தத் தொழிற்சங்கமும் பேசமுடியாது.

மற்றப் பாதியைப் பாருங்கள். 1927 இல் தோட்டத் தொழிலாளருக்கு ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் கொண்டுவந்தபோது ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம், பிள்ளைக்கு ஒரு சம்பளம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளையின் உழைப்பையும் சேர்த்துத்தான் ஒரு குடும்பத்தின் வருமானம் கணக்கிடப்பட்டது. அப்பனும் ஆத்தாளும் பிள்ளையும் மலைக்கு ஏறினால்தான் ஒரு வீட்டுக்கு அரிசி என்றால், அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் கூட்டிக்கொடுக்க எந்தத் துரைக்கு அவசரம் இருந்திருக்கும்?

இன்று பிள்ளை கொழுந்து மலையில் இல்லை, கொழும்பு வீட்டுச் சமையலறையில் இருக்கிறாள். அவள் அனுப்பும் காசு தாயின் சம்பளத்தில் விழும் ஓட்டையை அடைக்கிறது. ஓட்டை அடைபடும்வரை அது ஏன் விழுந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. பிள்ளையின் உழைப்பு வறுமையைத் தீர்க்காது. குறைந்த சம்பளத்தோடு குடும்பம் இழுத்துப்பறித்து ஓடுவதற்கு வழிசெய்து கொடுக்கும். அதனால் லாபம் அடைவது கம்பனி.

"நல்ல வீட்டில் இருக்கிறாள்"

இது இரண்டாவது மறுப்பு. நோனா நல்லவர், உடுப்பு எடுத்துக் கொடுக்கிறார், தன் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார் என்கிறார்கள். அப்படிச் சில வீடுகள் இருக்கலாம். ஆனால், தன் பிள்ளையைப் போல என்றால் அந்த வீட்டுப் பிள்ளை காலையில் பாடசாலை வேனில் ஏறும்போது எமது பிள்ளை ஏன் வாளியும் துடைப்பமுமாக நிற்கிறாள்?

கொழுந்து மலையில் ஒருவருக்கு அநியாயம் நடந்தால் பக்கத்து நிரையில் இருப்பவர் பார்ப்பார். பிரட்டுக்களத்தில் கேட்கலாம். தலைவர் இருக்கிறார், மாவட்டக் காரியாலயம் இருக்கிறது, தொழில் திணைக்களம் இருக்கிறது. பூட்டிய கேற்றுக்கு உள்ளே இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அடித்தாலும், சம்பளத்தைப் பிடித்து வைத்தாலும், அதைவிடக் கேவலமாக எது நடந்தாலும் சொல்ல ஆளில்லை. ஊருக்குப் பேசும்போதும் நோனா பக்கத்தில் நிற்பார். "நல்லா இருக்கேன்மா" என்று பிள்ளை சொல்வதைக் கேட்டு எத்தனை தாய்மார் நிம்மதி அடைந்திருக்கிறார்கள்!

"படிப்பு ஏறாத பிள்ளை"

மூன்றாவது மறுப்பு இது. துரையின் மகனுக்குப் படிப்பு ஏறாவிட்டால் டியூஷன் வைக்கிறார்கள். எமது பிள்ளைக்கு ஏறாவிட்டால் பஸ் ஏற்றுகிறோம். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடம் தொலைபேசியில் வந்தபோது எத்தனை லயங்களில் ஸ்மார்ட் ஃபோன் இருந்தது? சிக்னலுக்காகப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறியதை நாம் எல்லோரும் கண்டோம். அந்த இடைவெளியில் விழுந்தவர்கள் பலர் திரும்பவும் வகுப்புக்குப் போகவில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஆசிரியரின் கூடுதல் கவனம், அல்லது ஒரு தொழிற்பயிற்சி. கிடைத்தது தரகரின் வருகை.

சட்டம் நிற்கும் இடம்

ஆதரிக்கிறோம் என்பதற்காக சட்டத்தின் குறையைச் சொல்லாமல் விடப்போவதில்லை. தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் வரும் தொழில் அதிகாரி, தனியார் வீட்டின் கதவைத் தட்டுவது அரிது. முறைப்பாடு வரவேண்டும். முறைப்பாடு செய்யவேண்டியவளோ உள்ளே இருக்கிறாள்.

வீட்டு வேலையைத் தொழிலாகவே மதிக்காத நாடு இது. வீட்டு வேலையாட்களைப் பற்றி வெள்ளைக்காரன் 1871 இல் கொண்டுவந்த கட்டளைச் சட்டம், அவர்களைப் பொலிஸில் பதிவு செய்வதைப் பற்றியே கவலைப்பட்டது. 2016 இல் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் வந்தபோதும் வீட்டு வேலையாட்களை வெளியே விட்டார்கள். வீட்டுப் பணியாளர் உரிமைக்கான சர்வதேச தொழில் அமைப்பின் 189 ஆவது சமவாயம் 2011 இல் நிறைவேறியது. பத்தாண்டு கடந்தும் இலங்கை அதை ஏற்கவில்லை. வளர்ந்த பெண்ணின் வீட்டு வேலைக்கே சட்டத்தில் மரியாதை இல்லாதபோது, ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளையை யார் தேடுவார்கள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு பிள்ளை பிடிபட்டால் முதலில் தாயைத்தான் விசாரிக்கிறார்கள், தாயைத்தான் ஏசுகிறார்கள். வேலைக்கு வைத்தவர் சட்டத்தரணியோடு வருகிறார். தரகர் ஃபோனை நிறுத்திவிடுகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டும். வேலைக்கு வைத்தவர் முதலாவது, தரகர் இரண்டாவது. சுரண்டலுக்காகச் சிறுவரைத் திரட்டுவதும் கொண்டுபோவதும் ஒளித்து வைப்பதும் தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் குற்றம். அதைத் தரகர்மேல் பாவிக்கட்டும். மாதக் கடைசியில் அடுப்பு எரியாத தாயைக் கூட்டில் ஏற்றி எந்தப் பிள்ளையையும் காப்பாற்ற முடியாது.

சம்பளக் கணக்கு

2021 இல் 1,000 ரூபா, 2024 இல் 1,350 ரூபா என்று படிப்படியாக வந்தோம். ஒவ்வொரு படிக்கும் போராட்டம், ஒவ்வொரு படியிலும் கம்பனிகளின் எதிர்ப்பு. 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளம் 1,550 ரூபா, அதோடு அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200 ரூபா, மொத்தம் 1,750 ரூபா என்று அறிவித்தது. வரவேற்றோம். ஆனால் நாட்சம்பளம் என்பது வேலை கிடைக்கும் நாளுக்குத்தான். மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் எல்லாம் சேர்த்து 35,000 ரூபா. கிலோ குறைந்தால் அரைப்பேர். சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், கடைக் கடன் எல்லாம் கழிந்து கைக்கு வருவது எவ்வளவு என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே 16 வயதுச் சட்டத்தை உண்மையாக நிறைவேற்ற விரும்பும் அரசாங்கம், மாதத்தில் இத்தனை நாள் வேலை நிச்சயம் என்பதையும் சட்டமாக்கவேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் சட்டத்தின் பாரம் முழுவதும் தாயின் தலையில் விழும்.

எமது வீட்டுக் குப்பை

இனி எம்மைப் பற்றி. தரகர் எங்கிருந்தோ வருகிறவர் அல்ல. அவர் எமது லயத்துக்காரர், எமது மாமன், மச்சான், பழைய கங்காணியின் பேரன். பிள்ளைக்கு ஒரு தொகை, பெற்றோருக்கு ஒரு முற்பணம் என்று பேசுகிறார். முற்பணத்தைக் கையில் கொடுத்து ஆளைக் கூட்டிப்போவது எமக்குப் புதிதா? எமது பாட்டன் பூட்டன்மாரை அப்படித்தானே கப்பலேற்றினார்கள்! 2023 இல் மலையகத்துக்கு 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அந்த நடையில் கண் கலங்கிய நாமே, வீட்டு வாசலில் நிற்கும் புதிய கங்காணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறோம்.

தொழிற்சங்கங்களும் சுத்தம் என்று சொல்லமாட்டோம். எந்தத் தோட்டத்தில் யார் தரகர் என்பது தலைவர்மாருக்குத் தெரியும். சந்தா குறையும், சொந்தம் கெடும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். எமது சங்கத்திலும் அது நடந்திருக்கிறது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நாம் கேட்பதும் செய்வதும்

அரசாங்கத்திடம் நாம் கேட்பவை: வீட்டு வேலைக்கு ஆள் வைப்போர் அதைப் பதிவு செய்யவேண்டும். தொழில் அதிகாரி தனியார் வீட்டைச் சோதிக்க இலகுவான நீதிமன்ற அனுமதி வேண்டும். வீட்டு வேலையாட்களுக்குச் சம்பள நிர்ணயமும் சேமலாப நிதியும் வேண்டும். தோட்டப் பாடசாலையில் ஒரு பிள்ளை இரண்டு வாரம் தொடர்ந்து வராவிட்டால், அதிபர் கிராம உத்தியோகத்தருக்கும் சிறுவர் உரிமை அதிகாரிக்கும் அறிவித்து, அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.

எமது சங்கத்தில் அடுத்த பொதுச்சபைக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறோம். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பித் தரகு வாங்கும் எவரும் எமது சங்கத்தில் எந்தப் பதவியும் வகிக்கமுடியாது. சந்தாப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, சாதாரண தரப் பரீட்சை வரை பிள்ளையைப் படிக்கவைக்க முடியாத குடும்பங்களுக்குக் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு கொடுக்கவேண்டும். இதற்கு எதிராக வாக்களிக்க நினைப்பவர்கள் எழுந்து நின்று காரணத்தைச் சொல்லட்டும்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காசு வேண்டாம் என்று சொல்கிறோம், ஆம். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோகும் உரிமை எமக்கு இல்லை. உங்கள் அடுப்புக்கான சண்டையை உங்கள் மகள் சமையலறையில் நின்று போடக்கூடாது. அதை நாம் சம்பள நிர்ணய சபையிலும், தோட்டக் காரியாலய வாசலிலும் போடவேண்டும். போடாவிட்டால் சந்தாவை நிறுத்துங்கள். மூத்தவளைப் பாடசாலையிலிருந்து நிறுத்தாதீர்கள்.

ஏற்கெனவே ஒரு பிள்ளை போயிருந்தால் பயப்படாமல் மாதர் சங்கத் தலைவியிடம் சொல்லுங்கள். அழைத்துவர நாமும் கூட வருகிறோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் பேசலாம்.